திருகின் தலையில் சிவப்பு

அன்று காலை முன்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் மூத்தவர். வாசற்கதவுக்குப் பக்கத்து ஸ்டூலில் அவருடைய தம்பி. ஒரே அறையில் இரண்டு பேர் எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ, அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். சோபாவின் நடுவில், இரண்டு ஆள் இடத்தை ஒருவராக அடைத்துக்கொண்டு குடியிருப்பு மேனேஜர். எந்நேரமும் இடுப்பில் சாவிகள் குலுங்கும் அவருக்கு அந்த வட்டாரம் வைத்த பெயர் சாவிக்கொத்து. தரையில், பாதி காலியான அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு சாய்த்து மாமியார், சகோதரர்களின் அம்மா. மேஜைக்கு முன்னால், தாளும் பேனாவுமாக மருமகள், தம்பியின் மனைவி.

அந்த வீட்டில் எழுத்து வேலை எது வந்தாலும் அவள் தலையில்தான் விழும். அன்று விழுந்தது லேசான வேலை இல்லை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வீடுகளில் மின்வேலை செய்கிறவர்கள். சாவிக்கொத்து பார்த்துக்கொள்ளும் குடியிருப்பில், எல்லா வீட்டுக்கும் பழைய ப்ளக் பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு, ப்ளக்கோடு போனையும் நேராகச் சொருகி சார்ஜ் செய்யும் யுஎஸ்பி சாக்கெட் மாட்டிக் கொடுத்தது அவர்கள்தான். அந்தக் குடியிருப்பின் தரைத்தளத்தில், தையல்காரர் வீட்டில், போன வாரம் தீப்பிடித்தது. தையல்காரர் தைத்த துணியைக் கொடுக்க வெளியே போயிருந்தார். காய்ச்சலில் படுத்திருந்த அவர் மனைவி புகையிலேயே போய்விட்டாள். பொத்தான் தைப்பதில் கெட்டிக்காரி. பொத்தான் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

இப்போது மின் ஆய்வு அலுவலகம் விளக்கம் கேட்டிருந்தது. பதில் இன்றைக்கே போயாக வேண்டும்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றார் சாவிக்கொத்து, மருமகளைப் பார்த்து. "தையல்காரர் இஸ்திரிப் பெட்டியை அணைக்காம போயிட்டாரு. அவரே அப்படித்தான் அழுதுகிட்டிருக்காரு. நாம புதுசா எதையும் கிளப்ப வேண்டாம். வேலை சுத்தமா முடிச்சோம், இதோ சாட்சின்னு போட்டோவை வச்சு அனுப்பிடுங்க."

போட்டோ மேஜை மேல் இருந்தது. தையல்காரர் வீட்டுச் சாக்கெட்டை மூடுவதற்கு முன்னால் மூத்தவர் எடுத்தது. வயர் நுழைந்த மூன்று இடத்திலும் ஸ்க்ரூவின் தலையில் பளிச்சென்று ஒரு சிவப்புப் புள்ளி.

அந்தப் புள்ளிதான் அவர்கள் தொழிலின் கையெழுத்து. கல்யாணத்துக்கு முன்னால் மருமகள் ஒரு தொழிற்சாலையில் மோட்டார் பூட்டும் வரிசையில் நின்றவள். முழுக்க முறுக்கிய ஸ்க்ரூவின் மேல் பெயின்ட்டால் ஒரு அடையாளம் வைத்தால்தான் அங்கே அடுத்த மேஜைக்குப் போகும். அதை இந்த வீட்டில் சொன்னவள் அவள். பெயின்ட்டுக்குப் பதில் நெயில் பாலிஷ் என்றது மாமியார். தம்பி முன்னால் போய்ப் பழசைக் கழற்றி, புதிய சாக்கெட்டில் வயரை நுழைத்து, ஸ்க்ரூவைப் பிடித்து நிற்கும் அளவுக்குத் திருகிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வான். அண்ணன் பின்னாலேயே வந்து இறுக்கி முறுக்கி, சிவப்பு வைத்து, போட்டோ எடுத்து, மூடுவார். சிவப்பு இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் முடியவில்லை. வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை.

அவர்கள் வாய் திறந்துதான் பல நாள் ஆகியிருந்தது. தனிக்குடித்தனம் போவோமா என்று மருமகள் கணவனிடம் கேட்டது எப்படியோ மூத்தவர் காதுக்கு எட்டி, அன்றிலிருந்து இருவரும் ஒரே ஏணியைப் பிடித்துக்கொண்டே முகம் பார்க்காமல் வேலை செய்தார்கள். 'அவன்கிட்ட சொல்லு', 'அவர்கிட்ட சொல்லு' என்று நடுவில் தூது போய்ப் போய் மாமியாருக்குத்தான் கால் தேய்ந்தது.

"சாக்கெட்டை எப்படி மாட்டுவீங்கன்னு ரெண்டு வரி விளக்கமா எழுதிடுங்க. படிக்கிறவனுக்குப் புரியணும்ல," என்றார் சாவிக்கொத்து.

"அத்தை, அந்தப் பெட்டியில ஒண்ணு எடுங்க. பார்த்துக்கிட்டே எழுதினா தப்பு வராது."

மாமியார் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார். மருமகள் பிரித்தாள். சாக்கெட்டின் முகத்தில் ஒட்டிய மெல்லிய படலம்கூட உரிக்கப்படவில்லை. வயரையே கண்டிராத புதுப் பித்தளை. அவள் அதைத் திருப்பினாள்.

ஸ்க்ரூவின் தலையில் சிவப்பு.

மூன்றிலும். அழகாக, ஒரே அளவில்.

மருமகளின் விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன. அறையில் யாரும் கவனிக்கவில்லை. சாவிக்கொத்து டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து, "சர்க்கரை போட மறந்துட்டேன்," என்று என்னமோ சொல்லிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.

"டீயில சர்க்கரை இருக்கேம்மா," என்றார் சாவிக்கொத்து பின்னாலிருந்து.

கொஞ்ச நேரத்தில் மாமியாரும் பின்னாலேயே வந்தார்.

"என்னடி, முகம் ஒரு மாதிரி இருக்கு? அந்த ஆள் சோபாவை விட்டு எந்திரிக்க மாட்டான் போலிருக்கு. போறப்போ சோபாவும் கூடவே போயிடும்."

"அத்தை, இந்தச் சிவப்பு யார் வச்சது?"

"ஏன், நல்லா இல்லையா? நான்தான் வச்சேன்." மாமியார் முகத்தில் ஒரு பெருமை. "பெட்டி மொத்தத்துக்கும் வச்சேன். உன் மாமா ஒவ்வொரு வீட்லயும் குனிஞ்சு குனிஞ்சு அந்தப் புள்ளியை வைக்கிறான். இடுப்பு வலின்னு சொன்னான். தம்பிகிட்ட உதவி கேட்டா கவுரவம் குறைஞ்சிடுமே. சரி, வீட்ல சும்மாதானே உட்கார்ந்திருக்கோம், அந்த ஒரு வேலையாவது மிச்சமாகட்டும்னு உட்கார்ந்து வச்சேன். எவ்வளவு நேரம் காயணும்னுகூட எனக்குத் தெரியும். ஏன்டி?"

"எப்ப வச்சீங்க?"

"பெட்டி வந்த அன்னைக்கே. அந்தக் குடியிருப்பு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

மருமகள் சர்க்கரை டப்பாவை எடுத்து, திறக்காமலே திரும்ப வைத்தாள்.

"ஒண்ணுமில்லை அத்தை. அழகா இருக்கு. அதான் கேட்டேன்."

அவள் திரும்பி வந்தபோது சாவிக்கொத்து எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த கட்டடமும் உங்களுக்குத்தான். அதை மனசுல வச்சுக்கிட்டு எழுதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். படியிறங்கும்வரை சாவிச் சத்தம் கேட்டது.

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு மூத்தவரைப் பார்த்தாள்.

"மாமா, ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு கேட்கணும். தயவுசெஞ்சு ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்லுங்க. என்னைத் தூது அனுப்பாதீங்க."

மூத்தவர் ஜன்னலைப் பார்த்தார். கணவன் தரையைப் பார்த்தான்.

"தையல்காரர் வீட்டு ஸ்க்ரூவை முழுக்க முறுக்கினது யாரு?"

"அவன்தான்," என்றார் மூத்தவர்.

"அவர்தான்," என்றான் கணவன், அதே நொடியில்.

இருவரும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் வரும்போதே சிவப்பு இருந்துச்சேடா. நீயே முறுக்கி, நீயே வச்சிட்டேன்னு நினைச்சேன். என்கிட்ட கோபம், என் கையால மேல்வேலை வேண்டாம்னு நினைக்கிறான் போலன்னு மூடிட்டுப் போனேன்."

"நான் பெட்டியைப் பிரிக்கும்போதே இருந்துச்சு அண்ணா. நீங்க வீட்லயே செக் பண்ணி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். நான் செய்யிற வேலை மேல நம்பிக்கையில்லாமத்தான்னு நினைச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

மருமகள் கையைத் திறந்து புதிய சாக்கெட்டை மேஜை மேல் வைத்தாள். யார் வைத்தது என்று அவள் வாயால் சொல்லவில்லை. சமையலறையில் மாமியார் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இரண்டு மகன்களும் அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பினார்கள்.

"அம்மாவுக்குத் தெரியக்கூடாது," என்றார் மூத்தவர். "முதல்ல நிஜம்தானான்னு பார்ப்போம். தையல்காரருக்கு மேல் வீட்டு டீச்சர் வீட்லயும் அதே பெட்டிதான். திறந்து பார்த்துட்டு முடிவு பண்ணலாம். நான் இறுக்கிதான் இருப்பேன். பழக்கம் போகாது. கை தானா முறுக்கியிருக்கும்."

கெஞ்சுவது போல இருந்தது அந்தக் குரல்.

மூவரும் போனார்கள். டீச்சர் கதவைத் திறந்து, "என்னங்க, போட்டு முழுசா ஒரு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள சர்வீஸா?" என்றாள். "வந்ததும் நல்லதுதான். ஹீட்டர் போட்டா அந்தப் பாயிண்ட்ல ஒரு வாடை வருது. மீன் வாடை மாதிரி. எலி செத்துக் கிடக்குதோன்னு பரண் எல்லாம் தேடிட்டேன்."

சுடும் பிளாஸ்டிக்குக்கு அந்த வாடைதான் என்பது சகோதரர்களுக்குத் தெரியும்.

கணவன் வீட்டு மெயினை அணைத்தான். மூத்தவர் முழங்காலிட்டு மூடியைக் கழற்றி, சாக்கெட்டைச் சுவரிலிருந்து மெல்ல வெளியே இழுத்தார். ஒரு வயரின் மேலுறை காப்பிக்கொட்டை நிறத்துக்குப் பொரிந்து போயிருந்தது. அதன் மேலே, ஸ்க்ரூவின் தலையில், கொஞ்சம்கூட மங்காத சிவப்பு.

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. நகத்தால் தொட்டார். ஸ்க்ரூ சுழன்றது. சிவப்பும் கூடவே சுழன்றது.

தொழிற்சாலையில் புள்ளி கிடையாது. ஸ்க்ரூவின் தலையிலிருந்து அது உட்காரும் உலோகம்வரை சேர்த்து ஒரு கோடு. திருகு அசைந்தால் கோடு உடையும். இடம் சின்னதாக இருக்கிறது, புள்ளி போதும் என்று இவர்கள் சுருக்கியபோது மருமகளும் சரி என்றுதான் தலையாட்டினாள். இப்போது அதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

"டீச்சரம்மா," என்றார் மூத்தவர், எழுந்திருக்காமலே. "நான் வந்து சொல்ற வரைக்கும் மெயினைப் போடாதீங்க. எந்த அவசரமா இருந்தாலும்."

படியிறங்கும்போதுதான் அது நடந்தது.

தரைத்தளத்தில், கரி படிந்த கதவுக்கு எதிரே, கடைசிப் படியில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா. கழற்றிவைக்க மறந்திருப்பார் போல. வலது கை முன்னால் நீண்டு, காற்றில் எதையோ கீழ்ப்பக்கம் அழுத்தியது. மறுபடி நீண்டது. மறுபடி அழுத்தியது.

"வாங்க," என்றார் அவர்களைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவர்களை வரவேற்பது போல. "தங்கச்சி வீட்லதான் இருக்கேன், தபால் ஆபீசுக்கு எதிர்ல. அங்க உட்கார்ந்தா ஞாபகம் வரமாட்டேங்குது. இங்க வந்தா வரும்னு வர்றேன்."

"என்ன ஞாபகம்?" என்றாள் மருமகள்.

"ஸ்விட்சை அணைச்சேனா இல்லையான்னு." கை மறுபடி நீண்டது. "பையை இந்தக் கையில எடுத்தேன். அவளைத் திரும்பிப் பார்த்தேன். கஞ்சி வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னா. அப்புறம் இப்படி... இல்ல, அதுக்கு முன்னாடியா..." அவர் மூத்தவரை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நீங்க இந்தத் தொழில்ல இருக்கிறவங்க. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வச்சிட்டு அணைக்காம போனா, வீடு எரியுமா? நிமிர்த்திதான் வச்சேன். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

மூத்தவர் கரி படிந்த கதவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பரவாயில்ல தம்பி. உங்களுக்கும் சொல்லச் சங்கடமா இருக்கும்," என்றார் தையல்காரர்.

தெருவுக்கு வந்ததும் மூத்தவர் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சில வருஷங்களுக்கு முன்னால் மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். வியாதியில், ஆஸ்பத்திரியில் போனவள்தான். ஆனாலும் அன்றைக்கு ஆட்டோவுக்குப் பதில் பஸ்ஸில் கூட்டிப் போனேனே என்று இன்னமும் புலம்புகிறவர்.

"அண்ணா," என்றான் கணவன். அண்ணன் தோளில் கை வைத்தான். அந்தக் கையை மூத்தவர் தட்டிவிடவில்லை.

"எழுதும்மா," என்றார் அவர் மருமகளிடம். "லைசென்ஸ் போனா போகட்டும். உள்ள தூக்கி வச்சாலும் வைக்கட்டும். எழுதி வை, நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா அம்மா பேர் அதுல வரக்கூடாது. அதை மட்டும் எனக்காகச் செய்."

வீட்டுக்கு வந்து அவள் எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல், நடந்தது நடந்தபடி. வேலை எப்படி இருவருக்குள் பிரிந்திருந்தது, சிவப்புக்கு என்ன அர்த்தம், அன்று ஏன் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மேல் வீட்டில் கண்டது என்ன. போட்டோவை நம்ப வேண்டாம் என்று ஒரு வரி. தீக்குத் தையல்காரர் காரணமல்ல என்று நாங்கள் நம்புகிறோம், அவருக்கு இதைத் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி. கடைசியில், 'இந்தப் பெட்டியிலிருந்த சாக்கெட்டுகளில் மாட்டுவதற்கு முன்பே வீட்டில் சிவப்பு வைத்தாகிவிட்டது. ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறோம்.'

மூத்தவர் கையெழுத்துப் போட்டார். தம்பி தானாகவே வந்து அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதினான். பிறகு இருவரும் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் போய் மின்சாரத்தை நிறுத்தக் கிளம்பினார்கள். ஒரே வண்டியில். தம்பி ஓட்ட, அண்ணன் பின்னால்.

மாமியார் பசையோடு வந்து உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் எந்தக் கடிதமானாலும் உறையை ஒட்டுவது அவர்தான். படிக்கத் தெரியாததால், ஒட்டுவதற்கு முன்னால் முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். மின்வாரியத்துக்குப் போன புகார்கூட அப்படித்தான் போயிருக்கிறது.

"படி," என்றார்.

"அலுவலகச் சமாச்சாரம் அத்தை. வறட்டுச் சங்கதி."

"என் மகனுங்க ஒரே வண்டியில போறானுங்க. அப்படி என்ன வறட்டுச் சங்கதின்னு நானும் கேட்கிறேன். படி."

அவள் படித்தாள். மேல் வீட்டு வயர் வரை வந்தாள். தையல்காரரைப் பற்றிய வரியையும் படித்தாள். அடுத்த வரியைத் தாண்டி, 'இப்படிக்கு' என்றாள்.

மாமியார் பசைக்குச்சியைக் கீழே வைத்தார்.

"உறைக்குள்ள வைக்க ஒரு சாக்கெட்டை எடுத்து வச்சிருக்கியே. அது எதுக்குன்னு அதுல இல்லையே."

மருமகள் பசைக்குச்சியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"காலையில சமையக்கட்டுல என்னைக் கேட்டியே, யார் வச்சதுன்னு. அப்பவே உன் முகம் செத்துப் போச்சு. நான் கிழவிதான். மக்கு இல்லை. படி."

அவள் படித்தாள். ஒரே வரிதான்.

மாமியார் தன் வலது கை விரல்களை விரித்துப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது. புடவை முனையால் அதைத் தேய்த்தார். போகவில்லை. மறுபடி தேய்த்தார்.

"அவளுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே," என்றார். "எழுந்து ஓடக்கூட முடிஞ்சிருக்காது."

"அத்தை..."

"என் ரவிக்கைக்கு அவதான் பொத்தான் தைச்சா." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் தேவலை என்று மருமகளுக்கு இருந்தது. "யார் வச்சதுன்னு நீ எழுதலை."

"மாமா வேண்டாம்னாரு."

"அவன் கிடக்கிறான். எழுது. வேலை தெரியாத கிழவி, பிள்ளைக்கு உதவியா இருக்கட்டும்னு, யார்கிட்டயும் சொல்லாம வச்சான்னு எழுது. அப்படியே எழுது. இல்லேன்னா நான் ஒட்ட மாட்டேன்."

மருமகள் எழுதினாள். 'வேலை தெரியாத' என்பதை மட்டும் விட்டுவிட்டாள். திரும்ப வாசித்தபோது மாமியார் அதைக் கண்டுபிடித்தார். ஆனால் சொல்லவில்லை. தாளோடு புதிய சாக்கெட்டையும் உறைக்குள் வைத்து, மடிப்பில் பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தினார். துணிக்கு ஓரம் மடிப்பது போல, நிதானமாக.

"நானும் வர்றேன்," என்றார். அவர் தபால் ஆபீசுக்கு வந்து எத்தனையோ வருஷம் இருக்கும். மருமகள் ஏன் என்று கேட்கவில்லை.

தபால் ஆபீசில் கூட்டமில்லை. மாமியார் வாசலோர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கைப்பையில் போன் அதிர்ந்தது. கணவன்.

"எல்லா வீட்லயும் நிறுத்தியாச்சு. டிரைவர் வீடு மட்டும் பூட்டியிருக்கு, ஊருக்குப் போயிருக்காங்க. மெயினும் உள்ளதான். கதவிடுக்குல பார்த்தா உள்ள சாக்கெட்டோட நீல விளக்கு எரியுது. எதையோ சொருகிட்டே போயிருக்காங்க. சாவிக்கொத்து சாவி தர மாட்டேங்கிறாரு. கடிதம் போயிடுச்சான்னு கேட்கிறாரு."

"போயிடுச்சுன்னு சொல்லுங்க."

"அண்ணன் பூட்டை உடைக்கிறாரு. நான் பூட்டை அசையாம பிடிச்சுக்கிட்டிருக்கேன். அம்மா எப்படி இருக்காங்க? அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் கவுண்ட்டரில் இருந்தவர், "அடுத்து!" என்றார். போனை வைத்துவிட்டு உறையை நீட்டினாள். அவர் அதைக் கையில் எடை பார்த்து, நடுவில் புடைத்திருந்த இடத்தை விரலால் தட்டினார்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒரு ப்ளக் பாயிண்ட்."

"பழசா?"

"புதுசு. இன்னும் யாரும் மாட்டாதது."

பதிவுச் சீட்டு ஒட்டினார். டக்கென்று முத்திரை விழுந்தது. அவள் மாமியாரைப் பற்றிக் கணவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வண்டிகளுக்கு நடுவில், ஒரு கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டு மாமியார் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் தங்கச்சி வீட்டு வாசலில், கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் வலது கை முன்னால் நீண்டது.

"அத்தை!" என்று இவள் கூப்பிட்டது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை.

பின்னால், கவுண்ட்டர்க்காரர் உறையைத் தூக்கிப் போட, தபால் சாக்குக்குள் அது தொப்பென்று விழுந்தது.